உகந்தைக் காட்டுப்பாதை முதல் புறாமலை வரை: போகுமுன் எடுக்கவேண்டிய அனுமதிகள்

கதிர்காம முருகன் கோயில் உற்சவத்தின் கொடியேற்றம் எந்தத் திகதி என்று தெரியுமுன் விமானச்சீட்டுப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுவழியே கதிர்காமம் நடக்கவேண்டும் என்ற நேர்த்தியோடு வருகிறவர்களுக்குத்தான் இதை முதலில் சொல்கிறேன். அந்தப் பாதை குமண தேசிய பூங்காவுக்குள்ளால் போய், கும்புக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் இறங்குகிறது. இரண்டுமே வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலம். மற்ற நாட்களில் அங்கே நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கி நடக்கவே முடியாது. உற்சவத்தை ஒட்டி ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு மட்டும் யாத்திரிகர்களுக்காக வாசலைத் திறக்கிறார்கள்.

உற்சவம் சந்திர நாட்காட்டிப்படி வருவதால், திறக்கும் நாள் ஜூன் நடுப்பகுதியிலும் விழலாம், ஜூலை கடைசியிலும் விழலாம். மாவட்டச் செயலகத்தில் திணைக்களம், பொலிஸ், படையினர், ஆலய நிர்வாகம் எல்லோரும் கூடித் திகதியை முடிவுசெய்த பிறகுதான் பத்திரிகைகளில் வரும். கனடாவில் பள்ளிக்கூடம் ஜூன் கடைசியில் மூடிவிடும். லண்டனில் ஜூலை பிற்பகுதி வரை இழுக்கும். ஆகவே பிள்ளைகளோடு வரும் லண்டன் குடும்பங்களுக்குப் பல வருடங்களில் இந்தப் பாதை வாய்ப்பதில்லை. மாற்றக்கூடிய விமானச்சீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இங்கே வீண்செலவல்ல.

யாத்திரிகர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உகந்தை வாசலில் பதிந்து, ஆளெண்ணித்தான் உள்ளே விடுவார்கள். கடவுச்சீட்டைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள். பிரதியொன்றைக் கதிர்காமத்தில் உங்களைச் சந்திக்கப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டமாக, வெளிச்சத்தில் மட்டும் நடக்கவேண்டும். யானையும் கரடியும் உள்ள காடு அது. கதிர்காமம் போய்ச்சேர நாலைந்து நாள் எடுக்கும், பெரும்பகுதியில் தொலைபேசி வேலை செய்யாது. சில இடங்களில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்பார்கள், மற்ற இடங்களில் சாமிமார் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். அந்தத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும், குளிர்நாட்டில் வளர்ந்த பிள்ளையின் வயிறு தாங்காது. வடிகட்டியும் குளோரின் வில்லையும் நீங்களே கொண்டு போங்கள். பொலித்தீன் பைகளைத் தவிருங்கள். ஒவ்வொரு வருடமும் யாத்திரை முடிந்தபிறகு அந்தக் காட்டுக்குள் கிடக்கும் குப்பையைப் பார்த்துத்தான், இந்தப் பாதையை இன்னும் எத்தனை காலம் திறந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு வருகிறது. நாமே எமது வழியை அடைத்துக்கொள்ளக்கூடாது.

யாத்திரைக்கு வெளியே, சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் முதலில் விசாரிக்கவேண்டியது நிலம் எந்தத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது என்பதை. வில்பத்து, யால, குமண, ஹோர்ட்டன் சமவெளி, புறாமலைத் தீவு எல்லாம் வனஜீவராசிகள் திணைக்களம். சிங்கராஜக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் வனத் திணைக்களம். ஒன்றின் சீட்டு மற்றதற்குச் செல்லாது. பகலில் போய்வர வாசலிலேயே சீட்டு எடுக்கலாம். பூங்காவுக்குள் கூடாரம் போட்டோ, திணைக்கள பங்களாவிலோ இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே பதியவேண்டும். இரண்டு திணைக்களங்களின் தலைமையகமும் பத்தரமுல்லையில்தான். செப்டம்பரில் யால போக நினைப்பவர்கள் கவனியுங்கள்: முதலாம் வலயத்தை வழக்கமாக அந்த மாதம் முழுவதும், அக்டோபர் நடுப்பகுதி வரை, மூடிவிடுவார்கள்.

கட்டணம் உங்கள் கையிலுள்ள ஆவணத்தைப் பொறுத்தது. பிறந்தது யாழ்ப்பாணத்து நெல்லியடியாக இருக்கலாம், பேசுவது நல்ல தமிழாகவும் இருக்கலாம். கனடியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தால் வெளிநாட்டவர் கட்டணம்தான். பிறப்புச் சான்றிதழைக் காட்டிப் பலனில்லை. இரட்டைப் பிரசாவுரிமை எடுத்தவர்கள் இலங்கை அடையாள அட்டையையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கொண்டுபோனால் உள்ளூர்க் கட்டணம். மனதுக்கு வலிக்கும் விடயம்தான், ஆனாலும் சீட்டுக் கொடுக்கும் உத்தியோகத்தர் அந்த விதியை எழுதியவரல்ல.

வெளிநாட்டவர் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுகிறது. ஆளுக்குரிய தொகைக்கு மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் வற் வரி. உறவினர்களோடு ஒரே குழுவாகப் போனால் சேவைக் கட்டணம் பகிர்ந்துபோகும்; அவர்களுடைய அடையாள அட்டைகளை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜீப் வாடகை இதில் சேராது. ஜீப்காரரோடு பேசும்போது "சீட்டும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திருகோணமலைக்குப் போகிறவர்களுக்குப் புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் இருக்கும் இந்தத் தீவு 2003 இல் தேசிய பூங்காவானது. கரையிலுள்ள திணைக்களக் கருமபீடத்தில் சீட்டு எடுத்த பிறகே படகில் ஏறவேண்டும், படகுக்கூலி தனி. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். மார்கழி விடுமுறையில் வருபவர்கள் கடல் கொந்தளிக்கும் காலத்தில் வருகிறார்கள், படகுக்காரர் வேண்டாம் என்று தடுத்தால் அவர் சொல்லை மீறாதீர்கள். முழங்காலளவு தண்ணீரிலேயே பவளப்பாறை தொடங்கிவிடுகிறது. களைத்தால் அதன்மேல் காலூன்றி நிற்கத்தான் மனம் சொல்லும். நிற்காதீர்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்கு உயிர்காப்பு அங்கி போட்டால் அந்த எண்ணமே வராது. உடைந்து கரையொதுங்கிய பவளத்துண்டைக்கூட எடுத்துவரக்கூடாது.

மலைநாட்டில் ஹோர்ட்டன் சமவெளி. குமண, வில்பத்து போலன்றி இங்கே குறித்த பாதையில் நடக்கலாம், சுற்று சுமார் 9 கிலோமீற்றர். வாசலில் பையைத் திறந்து பார்த்து, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பொலித்தீன் சுற்றைக்கூட உரித்துவிடுவார்கள். பிஸ்கட்டை முதல்நாளே டப்பாவில் மாற்றிவையுங்கள். ட்ரோன் கொண்டு வருபவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி மட்டும் போதுமென்று நினைக்கவேண்டாம், பூங்காவுக்குள் பறக்கவிடத் திணைக்களத்திடமும் கேட்கவேண்டும்.

வடக்கில் சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாகியது. மார்கழி, தை மாதங்களில் பூநாரைகள் வரும். யாலவில்போல வாசலில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடமல்ல இது. அந்தப் பக்கத்து ஊரவர் ஒருவரோடு போங்கள். வன்னியிலும் முகமாலைப் பக்கத்திலும் மிதிவெடி அகற்றும் வேலை நீண்டகாலமாக நடந்துவந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால், படம் எடுக்கவோ ஒதுங்கவோ பற்றைக்குள் இறங்காமல் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பலகையின் படத்தை விமானம் ஏறுமுன்பே காட்டிச் சொல்லிவையுங்கள்.