ஸ்டீரியோ ஸ்பீக்கர்: அறையை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும் முன் கையில் எடுக்க வேண்டியது இன்ச் டேப். பாட்டு ஒலிக்கப்போகும் அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவையும் இரட்டிப்பாக்கி, 345-ஐ அதால் வகுத்தால், அந்தத் திசையில் அறை தானாக முழங்கும் முதல் அதிர்வெண் கிடைக்கும். 345 என்பது ஒலி நொடிக்குப் போகும் தூரம், மீட்டர் கணக்கில். 12 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்றால், 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 57. அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 57-இல் இரண்டு முழக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துவிடும். மூன்று அளவும் சமமாக உள்ள பத்துக்குப் பத்து படுக்கையறை பாட்டுக் கேட்க மிக மோசமான அறையாவது இதனால்தான்.

அப்படிப்பட்ட அறையில் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கரை வைத்தால், பாஸ் கிட்டார் எந்த ஸ்வரத்தை வாசித்தாலும் காதில் விழுவது ஒரே 'பூம்'தான். ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. 150 சதுர அடிக்குள் இருக்கும் மூடிய அறைக்கு 5 அல்லது 6.5 இன்ச் வூஃபர் (பாஸ் தரும் பெரிய கோன்) உள்ள, ஸ்டாண்டில் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். சாப்பாட்டு அறையோடு சேர்ந்து திறந்திருக்கும் ஹாலுக்கு டவரைப் பற்றி யோசிக்கலாம்.

பிறகு அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். தட்டிய பின் 'டிர்ர்' என்று ஓர் அதிர்வு தொடர்ந்தால், டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் மேல்சுருதியை மாறி மாறி எறிந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த அறைக்குப் பளிச்சென்ற ட்ரெபிள் (மேல்சுருதி) உள்ள ஸ்பீக்கர் ஆகாது. ஜமக்காளம் விரித்தால் மேல்சுருதி மட்டும் கொஞ்சம் அடங்கும், பாஸை அது தொடவே தொடாது. தடித்த மெத்தை, துணி சோபா, புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி இவை இன்னும் நன்றாக உதவும்.

தாளில் பார்க்க வேண்டிய எண்கள்

பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுங்கள். அது விளம்பரத்துக்கான எண். பார்க்க வேண்டியவை இரண்டுதான். ஒன்று, சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வருகிறது என்பது. 84 டெசிபல் ஸ்பீக்கர், 90 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தம் தர நான்கு மடங்கு வாட்ஸ் கேட்கும், ஏனென்றால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ஸ் இரட்டிப்பாகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல நிறுவனங்கள் இதை 2.83 வோல்ட்டில் அளந்து சொல்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட், 4 ஓமில் அதுவே 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 88 என்று எழுதியிருந்தால், வாட் கணக்கில் அது 85தான்.

இரண்டாவது, இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. 8 ஓம் என்று அட்டையில் இருந்தாலும் சில அதிர்வெண்களில் 3.5 ஓம் வரை சரியலாம். குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்று கேளுங்கள். அது 4-க்குக் கீழே போனால், 4 ஓமைத் தாங்கும் என்று அறிவித்த ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) வேண்டும். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. சின்ன ஆம்ப்பை முழு வால்யூமில் முறுக்கி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகும்போது எரியும் ட்வீட்டர்களும் (மேல்சுருதி தரும் சின்ன ஸ்பீக்கர்கள்) ஏராளம்.

கடையில்

வார நாளில் காலையில் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு நாளில் இரண்டு ஜோடிக்கு மேல் ஒப்பிட்டால் காது குழம்பும். வீட்டில் உள்ள ஆம்ப்பையே எடுத்துப் போவது உத்தமம். லவுட்னஸ், டோன், சப்வூஃபர், ரூம் கரெக்‌ஷன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். ஏசியின் இரைச்சல் அதிகமென்றால் கேட்கும் பத்து நிமிடம் மட்டும் அதையும் நிறுத்தச் சொல்லலாம், தம்பூராவின் கடைசி இழை அந்த இரைச்சலில்தான் காணாமல் போகும்.

ஸ்பீக்கர் ராக்கில் சுவரோடு ஒட்டி வரிசையாக இருந்தால் அங்கே வைத்துக் கேட்காதீர்கள். ஸ்டாண்டில் வைத்து, இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர், உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் அதே 2 மீட்டர் என்று முக்கோணமாக அமையுங்கள். ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். வீட்டில் தரையில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் கடையிலும் தாழ்வாகவே உட்காருங்கள், ஸ்டாண்டின் உயரமும் அதற்குத் தக்கபடி குறையும்.

அடுத்தது சத்த அளவைச் சமப்படுத்துவது. பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, தவறான ஸ்பீக்கர் வீட்டுக்கு வருவதும் இங்கேதான். ஒரே பாட்டு 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது சொல்லாது, 'தெளிவாக இருக்கிறது, பாஸ் நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். சத்தம் குறையும்போது நம் காது பாஸை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். செய்முறை எளிது. பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஷ்ஷ்' இரைச்சல்) கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். மொபைலில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து, உங்கள் காது இருக்கும் இடத்தில் பிடியுங்கள். முதல் ஜோடியில் 75 டெசிபல் காட்டும்படி வால்யூமை வைத்து அந்த எண்ணைக் குறியுங்கள். இரண்டாவது ஜோடிக்கும் அதே 75 வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மொபைல் காட்டுவது உண்மையான 75 ஆக இல்லாமல் போகலாம். பரவாயில்லை, இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அரை டெசிபலுக்குள் இருந்தால் சரி. அதன்பின் யாரும், குறிப்பாகக் கடைக்காரர், குமிழைத் தொடக் கூடாது.

முதலில் ஒரே ஒரு ஸ்பீக்கரில், மோனோவில் கேளுங்கள். வினோதமாகத் தோன்றலாம். ஆனால் குறைகளைப் பிரித்தறிய ஒற்றை ஸ்பீக்கரே கூர்மையான வழி என்பது கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பின்னர் ஹார்மன் ஆடியோ நிறுவனத்திலும் ஒலி ஆராய்ச்சியாளர் ஃபிளாய்ட் டூல் நடத்திய சோதனைகளில் தெரியவந்தது. ஸ்டீரியோவின் விரிவு பல பிழைகளை மூடி மறைக்கும். எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்தாலே தீர்ப்பு மாறும் என்பதும் அந்தச் சோதனைகள் சொன்னதுதான். கூட வந்தவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லி, நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

கடையின் டெமோ பாட்டு வேண்டாம். ஒற்றைக் கிட்டாரும் மெல்லிய குரலும் எதில் போட்டாலும் இனிக்கும். பல வருடம் கேட்டுப் பழகிய ஐந்து பதிவுகளை சி.டி.யாகவோ ஃப்ளாக் (தரம் குறையாத) கோப்பாகவோ கொண்டுபோங்கள், ப்ளூடூத் வழியாக வேண்டாம். அவற்றில் கச்சேரி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மிருதங்கம் போல ஸ்பீக்கரைக் காட்டிக்கொடுக்கும் வாத்தியம் குறைவு. இடப்பக்கத் தொப்பியில் விழும் 'தோம்' உருண்டு எழுந்து உடனே நிற்க வேண்டும். பின்னால் ஒரு வால் இழுத்தால் பெட்டியோ, அதன் போர்ட்டோ (காற்றுத் துளை), அறையோ முழங்குகிறது. வலந்தலைச் சாப்பு தோலும் மரமுமாகக் கேட்க வேண்டும், தகரமாகக் கேட்கக் கூடாது. தம்பூராவின் குதிரையில் வைக்கும் ஜீவாளி நூல் எழுப்பும் ரீங்காரம் இழை இழையாகப் பிரிந்து தெரிய வேண்டும். நாதஸ்வரம் கடும் பரீட்சை. காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அதன் வீச்சு நிறைய. வூஃபரிலிருந்து ட்வீட்டருக்கு வேலை கைமாறும் இடமும் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. கைமாற்றம் சரியில்லை என்றால் நாதஸ்வரம் காதைக் குத்தும், வயலின் கீச்சிடும், பாடகியின் ச, ஷ எழுத்துகள் விசில் அடிக்கும். கடைசியாகக் கோரஸும் வயலின் கூட்டமும் நெருக்கும் சினிமாப் பாட்டு ஒன்று. அதில் எல்லாம் களியாகக் குழைந்துபோகிறதா என்று பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் அசத்தும் ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள். தூக்கலான ட்ரெபிள் அப்படித்தான் அசத்தும், நாற்பதாவது நிமிடத்தில் தலை வலிக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். இரவு பத்து மணிக்குப் பக்கத்து வீட்டாருக்குக் கேட்காத அளவில் வைத்தும் கேளுங்கள். ஃப்ளாட்டில் இருப்பவர் பாதி நாள் கேட்கப்போவது அந்தச் சத்தத்தில்தான்.

வீட்டில்

முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் வீட்டுக்குக் கொடுக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். சம்மதித்தால் திருப்பித் தரும் நிபந்தனையை ரசீதில் எழுதி வாங்குங்கள். கம்பிக்குப் பெரும்பணம் வேண்டாம். பல இழை கொண்ட 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும். வெட்டிய முனையில் இழையின் உட்புறம் வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள். சிவப்பு, கறுப்பு முனைகள் இரண்டு பக்கமும் ஒத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மாறிப் போனால் பாஸ் மெலிந்து, நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கக் கலைந்து போகும்.

ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம்தான் இனி வேலை. பெட்டியின் முகப்பிலிருந்து சுவர் 1 மீட்டர் என்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை சுமார் 86 ஹெர்ட்ஸில் நேர் அலையை அடித்துத் தின்னும். 60 செ.மீ. என்றால் அந்தப் பள்ளம் 144-க்கு ஏறி, ஆண் குரலின் கனத்தைக் குறைக்கும். 5 செ.மீ. வீதம் நகர்த்தி, ஆண் குரல் கனமாகவும் முழங்காமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். உங்கள் நாற்காலி பின்சுவரை ஒட்டியிருந்தால் பாஸ் வீங்கும், அரை மீட்டராவது முன்னால் இழுங்கள். இடமே இல்லை, சுவரோரம்தான் வைக்க முடியும் என்றால் முன்பக்கப் போர்ட் அல்லது மூடிய பெட்டி உள்ள ஸ்பீக்கருக்கு அது சற்று எளிது. பின்பக்கப் போர்ட் என்றால் ஒரு காலுறையைச் சுருட்டி அதில் அடைத்துப் பாருங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர் வூஃபர் விளிம்பை முதலில் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு ஈரக்காற்றுள்ள கடலோர ஊர்களில் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்துவிடும், ரப்பர் நிற்கும். கோனை நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள், 'சரக்' என்று உரசினால் உள்ளே இருக்கும் வாய்ஸ் காயில் (கம்பிச்சுருள்) தட்டுகிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் பெரும்பாலும் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். ஆனால் அந்த மீட்டர் வூஃபரை மட்டுமே பார்க்கிறது. ட்வீட்டருக்கு முன்னால் கப்பாசிட்டர் இருப்பதால், அது செத்திருந்தாலும் மீட்டரில் தெரியாது. குறைந்த சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, காதை ட்வீட்டருக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, இரண்டு பெட்டியையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.