க்ளோவ் பாக்ஸில் துப்பாக்கி வைத்தால் குற்றமா? அமெரிக்க மாநிலச் சட்டத்தைப் படிக்கும் முறை

அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே, "டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாமாமே" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுவார். பாதி உண்மை. மீதியைச் சட்டத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த வரிசையில் படிப்பது என்பதுதான் கேள்வி.

படி 1: முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் தாண்டிப் போகும் இடம் இது. எச்1பி (வேலை), எஃப்1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

படி 2: தண்டனையை விட்டுவிட்டு, விளக்கப் பிரிவைத் திறங்கள்

எத்தனை வருடம் சிறை என்பது அப்புறம். எது 'எடுத்துச் செல்வது' என்று அந்த மாநிலம் சொல்கிறது? டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 46.02ஆவது பிரிவு உடம்பின் மேல் இருப்பதோடு, உடம்பை ஒட்டிக் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொள்கிறது. இடுப்பில் இல்லை, பக்கத்து சீட்டில்தான் இருந்தது என்ற வாதம் அங்கே எடுபடாது. அந்தப் பிரிவு பேசுவது கைத்துப்பாக்கியைப் பற்றி. ரைஃபிள் அதில் வராது.

'தோட்டா நிரப்பியது' என்பதையும் தேடுங்கள். கலிபோர்னியாவில், சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை காலியாக இருந்தாலும், துப்பாக்கியில் செருகிய மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் கூட்டில்) ஒரு தோட்டா இருந்தால் அது நிரப்பிய துப்பாக்கிதான்.

படி 3: காருக்கு என்ன விதி?

சாதாரண ஆள் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான். டேஷ்போர்டில் இருக்கும் க்ளோவ் பாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். புளோரிடா சட்டப்படி, சொந்தக் காரில் அதற்குள் வைத்தால் பத்திரமாக மூடி வைத்ததாகக் கணக்கு. பூட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். 'பூட்டிய பெட்டி' என்பதில் க்ளோவ் பாக்ஸ் சேராது என்று சட்டமே தனியாக எழுதி வைத்திருக்கிறது. சாவி போட்டுப் பூட்டினாலும் பலனில்லை.

உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட்டிருக்கிறது. 1998இல், போதைமருந்துக் குற்றங்கள் தொடர்பான ஒரு மத்திய சட்டத்தை வைத்து, வண்டியின் க்ளோவ் பாக்ஸிலோ டிக்கியிலோ கொண்டுபோவதும் எடுத்துச் செல்வதுதான் என்று 5-4 கணக்கில் தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகளுக்கே ஒப்பவில்லை என்றால் நாம் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டிப் போகிறவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் மத்திய சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. தோட்டா இருக்கக் கூடாது, கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். இங்கேயும் க்ளோவ் பாக்ஸ் செல்லாது.

படி 4: தெரிகிறதா, மறைந்திருக்கிறதா?

டெக்சாஸில் வெளியே தெரியும்படி வைத்தால் ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) இருக்க வேண்டும். இல்லினாய்ஸில் லைசென்ஸ் இருந்தாலும் முழுவதுமோ பெரும்பகுதியோ மறைந்திருக்க வேண்டும். 'பெரும்பகுதி' என்ற சொல் இருப்பதால், சட்டை லேசாக விலகினாலே குற்றம் என்று ஆகாது.

படி 5: பெர்மிட்

துப்பாக்கியை எடுத்துச் செல்ல மாநிலம் தரும் அனுமதிதான் பெர்மிட்; லைசென்ஸ் என்றும் சொல்வார்கள். வெர்மான்ட் இதைக் கேட்டதே இல்லை. டெக்சாஸ், 21 வயது நிரம்பியவர்களுக்கு 2021 செப்டம்பர் 1 முதல் கட்டாயம் இல்லை என்றது. சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் அதில் சேர மாட்டார்கள். நியூயார்க்கில் பெர்மிட் வேண்டும். ஆனால் தனக்கு விசேஷத் தேவை இருப்பதாக நிரூபிக்கச் சொன்ன பழைய நிபந்தனையை 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

படி 6: எங்கே கூடாது?

டெக்சாஸ் மதுக்கடை வாசலில் சிவப்பில் '51%' பலகை இருக்கும். வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே பரிமாறும் மதுவில் வருகிறது, துப்பாக்கியோடு வராதே என்று அர்த்தம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் மத்தியத் தடை இருக்கிறது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே லைசென்ஸ் கொடுத்திருந்தால் அதற்கு விலக்கு உண்டு. பெர்மிட் தேவையில்லாத மாநிலங்களிலும் பலர் வலியப் போய் அதை வாங்கி வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பிரிவைப் படித்தாலும் கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் பிரிவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.