வடசென்னையில் கோட்டையையும் நகர மதிலையும் நடந்து பார்ப்பது எப்படி

செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பார்க்கச் செல்பவர்களில் பலர் நேராக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, வாள்களையும் துப்பாக்கிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காட்சிப்பொருள்களைக் காண அது போதும். கோட்டை எப்படி வேலை செய்தது என்பதை அறிய விரும்புபவர் வெளியிலிருந்து, அதாவது தாக்க வந்தவன் நின்ற திசையிலிருந்து தொடங்குவதே நல்லது. முற்றுகையிட்டவர்கள் பதுங்கிய இடமும், அதற்காகவே பின்னர் வெறுமையாக்கப்பட்ட நிலமும், அதற்கும் அப்பால் எழுந்த நகர மதிலும் ஒரே காலைப் பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. கடைகள் திறந்து தள்ளுவண்டிகள் வழியை அடைத்துக்கொள்வதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் புறப்படுங்கள்.

முதலில் பாரிமுனைக்குச் சென்று, டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக நிற்கும் கல்தூணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் தினமும் கடந்து போகும் அந்தத் தூண், கோட்டைக்கு முன்னால் இருந்த திறந்தவெளியின் எல்லையைக் குறிக்க 1773-இல் நடப்பட்டவற்றுள் எஞ்சியது. 1746-இல் லபோர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றி 1749 வரை வைத்திருந்தபோது, கோட்டை மதிலை ஒட்டி இந்தியர்கள் வசித்த கறுப்பர் நகரத்து வீடுகளை இடித்துத் தள்ளியது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை மீண்டும் வந்து, எஞ்சியிருந்த வீடுகளையும் தெருக்களையும் மறைவாகக் கொண்டு கோட்டையை முற்றுகையிட்டது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகே அந்த முற்றுகை விலகியது. வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவு கிடைக்கும், வெட்டவெளியாக இருந்தால் கோட்டைப் பீரங்கிக்கு இலக்கு கிடைக்கும் என்ற பாடத்தை ஆங்கிலேயர் இரண்டு முறை பட்டுக் கற்றார்கள். ஆகவே தூணுக்குத் தெற்கே எவரும் வீடு கட்டக்கூடாது என்று எல்லை வகுத்தார்கள்.

தூணருகே நின்று தெற்கே பாருங்கள். 1892-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கட்டடமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் இல்லையென்று வைத்துக்கொண்டால், கோட்டை மதில் வரை தடையில்லாத பார்வை கிடைத்திருக்கும். நீதிமன்ற மதிற்சுவரில், 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் வீசிய குண்டுகளை நினைவுகூரும் பலகை ஒன்று உண்டு. கடலிலிருந்தே நகருக்குள் குண்டு வீசும் காலம் வந்துவிட்ட பிறகு இந்த வெட்டவெளிக்கு எந்தப் பயனும் இல்லாமல் போயிற்று என்பதற்கு அந்தப் பலகையே போதிய சான்று.

அடுத்து கோட்டை ரயில் நிலையத்தின் பக்கமாக வந்து, மேற்குப் புறத்து அகழியையும் மதிலையும் வெளியிலிருந்தே பாருங்கள். மதில் நேர்கோடாக ஓடாமல் கூர்முனைகளாக வெளியே நீண்டிருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கூர்முனைகளே கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தின் பக்கச் சுவரில் வைத்த பீரங்கி, அடுத்த கொத்தளத்தின் அடிவாரத்தைக் குறிபார்க்கும். அதனால் மதிலடியில் வந்து ஒண்டிக்கொள்பவனுக்கும் மறைவு கிடையாது. 1640-இல் தொடங்கிய கோட்டை மிகச் சிறியது. இன்று நாம் காணும் வடிவம் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. கிழக்குப் பக்கம் வந்ததும், துறைமுகம் கட்டப்படும் வரை அலை ஏறத்தாழ மதிலடி வரை வந்துபோனது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின் தெற்கே மணல் சேர்ந்தது; வடக்கே ராயபுரம், காசிமேடு கரையைக் கடல் அரித்தது. கோட்டையின் முன் இன்று அகலமான சாலை ஓடுவதும், நம் வடசென்னைக் கரையில் கருங்கல் கொட்டிக் கிடப்பதும் ஒரே காரணத்தால் விளைந்தவை.

உள்ளே தலைமைச் செயலகமும் ராணுவ அலுவலகங்களும் இயங்குவதால் அடையாள அட்டை அவசியம். காவலர் தடுக்கும் இடத்தில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு, 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயத்துக்குச் சென்று அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கனத்த செங்கல் வளைவாகக் கட்டிய கூரை அது.

இனி நகர மதில். 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறநகர்வரை வந்து சூறையாடிய பிறகு, எல்லைத் தூணுக்கு வடக்கே அமைந்த புதிய கறுப்பர் நகரத்தின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பும் வேலை பால் பென்ஃபீல்டு என்ற ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பெயர் கெட்டவரும் இவரே. மதிலுக்கான செலவைக் குடிமக்களிடம் வரியாக வாங்கக் கம்பெனி நினைத்தது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் (மதில் வரி) சாலையில் தங்கிவிட்டது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் அந்தச் சாலையில் வடக்கே நடந்தால் மேற்கு மதிலின் தடத்திலேயே நடக்கிறீர்கள். வழியில் வரும் யானைக்கவுனி அம்மதிலின் வாயில்களில் ஒன்று. பிறகு கிழக்கே திரும்பி, ஸ்டான்லி மருத்துவமனை இருக்கும் பழைய ஜெயில் சாலைக்கு வாருங்கள்; வடக்கு மதிலின் தடம் இது.

இந்தச் சாலையில்தான் மதிலின் எஞ்சிய துண்டு நிற்கிறது. அதன் மேல் மாநகராட்சி அமைத்த பூங்காவை அக்கம்பக்கத்தில் மாடிப் பூங்கா என்பார்கள். வழி கேட்கும்போது ‘பழைய மதில்’ என்று கேட்டால் பலருக்கும் புரியாது, மாடிப் பூங்கா என்றே கேளுங்கள். மேலே ஏறுவதற்கு முன் சாலை மட்டத்தில் நின்று சுவரைப் பாருங்கள்: பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தெரியும். மேலே ஏறியதும், மதிலின் தலைப்பகுதி ஒரு பூங்காவே அமையும் அளவுக்கு அகலமானது என்பது காலுக்கே தெரியும். பீரங்கியை நிறுத்தவும் ஆட்கள் நடமாடவும் அந்த அகலம் தேவைப்பட்டது.

இதற்கும் மூத்த கோட்டை ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வேறொரு நாளை ஒதுக்குங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு சென்றால், டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடத்தை அடையலாம். மதிலை எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். முட்புதர்களுக்கிடையே அகழியின் தடத்தையே தேட வேண்டியிருக்கும். அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் நல்ல நிலையில் இருக்கிறது. வாயிலின் இருபுறமும் உள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும், கல்லில் வெட்டிய டச்சு எழுத்துகளையும் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடுங்கள், ஏனெனில் அங்கே நிழல் குறைவு.