மார்கழியில் மலையடிவாரப் பாதைகள்: கிராவல் சைக்கிளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்லாந்துப் பக்கம் பனி உறைந்த காட்டுக்குள் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அதே நினைப்பில் இங்கேயும் பலர் கிளம்புகிறார்கள். அங்கே குளிரில் தரை கெட்டிப்படும். வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் போடுவார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் குளிர்காலம் வடகிழக்குப் பருவமழையோடு வருவது. தரை இளகிக் கிடக்கும். கவனிக்க வேண்டியது குளிரை அல்ல, தண்ணீரை.

அடிவாரத்தில் வெயில் அடிக்கிறதே என்று ஓடையில் இறங்குவதுதான் பெரிய தவறு. பாபநாசத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்து ஓடிய நீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் காட்டாற்று வெள்ளம் பின்னாலேயே வருகிறது என்று அர்த்தம். உடனே கரையேறிவிட வேண்டும். குளம் நிரம்பி மறுகால் பாயும்போது தரைப்பாலத்தைக் கடக்கவே கடக்காதீர்கள். முழங்கால் அளவு ஓட்டம் போதும், ஆளையும் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படி வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, மேப்பில் கோடு தெரிகிறது என்று காட்டுக்குள் நுழைவது. மணிமுத்தாறு, களக்காடு பக்கமெல்லாம் மலை ஏறத் தொடங்கும் இடத்திலேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்துவிடும். 1988-இல் அமைந்த இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம், சோதனைச் சாவடியில் ஆள் இல்லாவிட்டாலும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் கரடிக்கு நீங்கள் வருவது கடைசி நொடி வரை தெரியாது. திடுக்கிட்ட கரடி ஓடாது, பாயும்.

காட்டுக்கு வெளியே பாதைக்கா பஞ்சம்? கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று கன்னடியன் கால்வாயை ஒட்டிச் சுற்றினாலே ஒரு நாள் போதாது. ஆனால் மழை பெய்த மறுநாள் களிமண் கரையில் ஏறாதீர்கள். நாலு சுற்றுக்குள் டயருக்கும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் நின்றுவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒடியும். இறங்கி, குச்சியால் சுரண்டிவிட்டு, தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. அதோடு இது பிசான நெற்பயிர் நிற்கும் காலம். ஈரக் கரையில் டயர் தடம் விழுந்தால் மழைநீர் அதிலேயே அரித்துப் போகும், பாடு விவசாயிக்குத்தான். இரண்டு நாள் வெயில் காயட்டும், அப்புறம் போகலாம்.

காற்றை ரோட்டுக்கு அடிப்பதுபோல் கல்லாக அடிக்க வேண்டாம். 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு, எழுபது கிலோ ஆள் என்றால், 30 முதல் 35 பிஎஸ்ஐ சரியாக இருக்கும். டியூப் போட்டிருந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உடைமுள் மழையில் சேற்றோடு கலந்து கிடக்கும், அதனால் டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவம் கட்டாயம். டிஸ்க் பிரேக் நனைந்தால் முதல் பிடி தாமதமாகும்; இறக்கத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துவிடுங்கள்.

மாலைக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. மலை மேற்கே இருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கே அடிவாரம் நிழலுக்குள் போய்விடும்; கரடியும் சிறுத்தையும் தோட்டங்களுக்கு இறங்கும் நேரமும் அதுதான். நாலரைக்கெல்லாம் தார்ச் சாலைக்குத் திரும்பிவிடுங்கள், முன் விளக்கும் பின் சிவப்பு விளக்கும் அப்போதே எரியட்டும்.