பக்கமே நிமிடம்

திரைக்கதைப் புத்தகத்தில் பிடித்த காதல் காட்சி 42ஆம் பக்கத்தில் வந்தால், படத்தை நேராக 42ஆவது நிமிடத்துக்குத் தள்ளுங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டை போவதற்குள் தேடித் தேடியே டேட்டா தீராது.

ஹாலிவுட் முறைப்படி கூரியர் (Courier) என்ற தட்டச்சு எழுத்துருவில், 12 புள்ளி அளவில் அடித்த ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். காதல் நகைச்சுவையில் இரண்டு பேரும் படபடவென்று பேசிக்கொள்வதால் காட்சி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் பின்னால் இழுத்துப் பாருங்கள்.

நாவல் மாதிரி அச்சிட்ட தமிழ்த் திரைக்கதைகளுக்கு இது சரிவராது. அதில் ‘பாடல்’ என்று ஒரே வரி இருக்கும். திரையில் அது ஐந்து நிமிடம் ஓடும்.