பெட்டைக் குட்டியை வாரத்துக்கு வாங்கும் முன்: நாட்டு நாய் வளர்ப்பில் மூத்தவரும் புதியவரும் எழுதிக்கொள்ள வேண்டியவை

தென் மாவட்டங்களில் வெள்ளாட்டுக் குட்டியை வாரத்துக்கு விடுவது பழைய வழக்கம். குட்டி ஒருவருடையது, மேய்ப்பும் பராமரிப்பும் இன்னொருவருடையது, ஈன்றவற்றில் பாதிக்குப் பாதி. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு நாய்களை வளர்ப்பவர்களிடையேயும் ஏறக்குறைய இதே முறைதான் நடக்கிறது. ஒரு லைனை, அதாவது ஒரே கால்வழி நாய்களை, பல ஆண்டுகளாகக் காத்துவரும் மூத்தவர், ஆர்வமுள்ள புதியவருக்குப் பெட்டைக் குட்டி ஒன்றைச் சும்மாவோ குறைந்த விலைக்கோ கொடுக்கிறார். பிறகு கடுவனையும் தானே தந்து, முதல் ஈத்தில் ஒன்றோ இரண்டோ குட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஆட்டைப் பொறுத்தவரை ஓரிரு ஆண்டில் உருப்படி விற்பனைக்குப் போய்விடும், கணக்கும் தீர்ந்துவிடும். நாயில் அப்படித் தீர்வதில்லை. பெட்டை முதல் ஈத்துக்குத் தயாராவதற்கே ஒன்றரை ஆண்டு ஆகும். அதன் பின்னும் எட்டு, பத்து ஆண்டு அதே வீட்டில் அது இருக்கும். "அண்ணாச்சி சொன்னால் சரி" என்று தொடங்கும் வாய்ப்பேச்சு அவ்வளவு காலம் தாங்காது.

விற்பனை, இனப்பெருக்க உரிமை, கற்றுக்கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துகிடப்பதுதான் இவ்வகை மனக்கசப்புகளின் வேர் என்பது என் கருத்து. கற்றுக்கொடுத்ததற்குக் கூலியாகக் குட்டி கேட்கப்படும்போது, எவ்வளவு கற்றுக்கொடுத்தால் எத்தனை குட்டி என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இருக்காது. எனவே ஒரே தாளில் எழுதினாலும் மூன்றையும் தனித்தனிப் பகுதிகளாக எழுத வேண்டும். ஒன்று முறிந்தாலும் மற்றவை நிற்கும் வகையில் எழுத வேண்டும்.

தாளுக்குப் போவதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும். மூத்தவரிடம் குட்டிகளைக் காட்டச் சொல்வதைவிட, ஏழெட்டு வயதான நாய்களைக் காட்டச் சொல்வது பயனுள்ளது. முன் ஈத்துக் குட்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன, அவற்றில் எவை என்ன குறையோடு வளர்ந்தன என்று கேளுங்கள். நாட்டு நாய்களில் பல லைன்களுக்கு எழுதிய வம்சாவளி கிடையாது. தாய் யார், தகப்பன் யார் என்பது மூத்தவரின் நினைவில்தான் இருக்கிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகம் இராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் இனம் பதிவாகிவிட்டதால் ஒவ்வொரு நாயின் கால்வழியும் பதிவாகிவிட்டதாக ஆகாது. ஆகவே மூன்று தலைமுறை வரை அவர் அறிந்ததை, குறைகள் உட்பட, அவரே சொல்ல எழுதி வாங்கி, ஒப்பந்தத்தோடு இணைப்பது நல்லது. குறை சொல்ல மறுப்பவரிடம் குட்டி வாங்கலாம். பாடம் கேட்க வேண்டாம்.

இராஜபாளையத்தில் கேட்க வேண்டிய முதல் குறை செவிட்டுத்தன்மை. பால்வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை இது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாமற்போனால், ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன. "நம்ம லைனில் செவிடே கிடையாது" என்று ஒருவர் சோதிக்காமல் சொன்னால், அவர் பார்க்கவில்லை என்று மட்டுமே பொருள். வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஐந்தாறு வாரக் குட்டியைத் தாயிடமிருந்தும் உடன்பிறப்புகளிடமிருந்தும் பிரித்துத் தனியாகத் தூங்கவிட்டு, அதன் பார்வையில் படாமல், தரை அதிராமல் பின்பக்கமாக நின்று சாவிக்கொத்தைக் குலுக்க வேண்டும். கூட்டத்தோடு சோதித்தால், செவிட்டுக் குட்டியும் மற்றவை எழும் அசைவை உணர்ந்து எழுந்துகொள்ளும், சோதித்தவர் ஏமாந்துபோவார். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியை இந்த முறையால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு, ஒலிக்கு மூளை காட்டும் மின் அலைகளை அளக்கும் 'பேர்' (BAER) என்ற சோதனை தேவை. செவிட்டுக் குட்டி பிறந்தால் அதை யார் வைத்துக்கொள்வது, அதே ஜோடியை மீண்டும் சேர்ப்பதா என்பவை ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய விஷயங்கள்.

கற்றுக்கொடுக்கும் பகுதியில் பெரிய வார்த்தைகள் வேண்டாம். தன் வீட்டில் ஒரு பெட்டை குட்டி போடும்போது புதியவரை உடன் வைத்துக்கொள்வேன் என்பதும், புதியவரின் முதல் ஈத்தில் குட்டிகள் எட்டு வாரம் ஆகும்வரை கேட்டதற்குப் பதில் சொல்வேன் என்பதும் போதும். ஒரு பிரசவத்தை நேரில் பார்த்துக் கற்பது அத்தனை பேச்சையும்விட மேலானது. இணைசேர்ந்து ஒன்பது வாரம் நெருங்கும்போது நாளுக்கு இரண்டு மூன்று முறை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால், வழக்கமாக 101 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியிருக்கும் வெப்பம் 99க்குக் கீழே இறங்குவது தெரியும்; பெரும்பாலும் அதிலிருந்து ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். அரை மணி நேரம் வலுவாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சைக் கசிவு தெரிந்தாலோ, மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் விட்டுவிடும் ஒரு வரி இருக்கிறது. நடு இரவில் தொலைபேசியில் "இன்னும் கொஞ்சம் பாரு தம்பி" என்று மூத்தவர் சொல்ல, புதியவர் மரியாதைக்குக் கட்டுப்பட்டுக் காத்திருப்பார். அவசர மருத்துவத்தில் யார் முடிவெடுப்பது? நாய் யார் வீட்டில் இருக்கிறதோ அவரும் கால்நடை மருத்துவரும் எடுக்கும் முடிவே இறுதியானது, அதற்காக மூத்தவர் பிறகு குறை சொல்லவோ இழப்பீடு கேட்கவோ முடியாது என்று எழுதிவையுங்கள்.

இருவரும் மனமொத்துக் கையெழுத்திட்டாலும், சட்டம் தடுத்ததை ஒப்பந்தத்தால் அனுமதிக்க முடியாது. நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தொழிலில் இருப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். அந்தச் சான்றிதழை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்பதால், "என் லைசென்ஸில் நீ ஓட்டிக்கோ" என்ற ஏற்பாடு செல்லாது. பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. ஆறு மாதம் கடந்த நாயைக் கருத்தடை செய்யாமல் விற்பதானால் உரிமம் பெற்ற இன்னொரு வளர்ப்பாளருக்கு மட்டுமே விற்கலாம். எனவே வளர்ந்த பெட்டையை வாங்கித் தொடங்க விரும்பும் புதியவர் முதலில் பதிவை முடித்துக்கொள்ள வேண்டும். சிப்பிப்பாறையையும் கன்னியையும் முயல் வேட்டைக்குப் பழக்கித் தருவதாக யாராவது பாடத்தில் சேர்த்தால், அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும் செயல் என்பதை நினைவில் வைக்கவும்.

இனி இனப்பெருக்க உரிமை. நாயை மைக்ரோசிப் எண்ணால் குறிப்பிடுங்கள். "வெள்ளைப் பெட்டை", "ராணி" என்றெல்லாம் எழுதினால் பின்னாளில் எந்த ராணி என்ற கேள்வி வரும். நாய் முழுமையாகப் புதியவருடையதா, இருவர் பெயரிலுமா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். நாய்களுக்கு வம்சாவளிப் பதிவு தரும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் கூட்டு உரிமையாகப் பதிந்தால், பின்னர் ஒவ்வொரு பதிவுக்கும் மற்றவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க நேரலாம் என்பதால், உரிமையைப் புதியவருக்கே கொடுத்துவிட்டு, குட்டி மீதான உரிமையை மட்டும் மூத்தவர் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்தக் குட்டி உரிமையை இப்படி எழுதலாம்: "முதல் ஈத்தில் 49ஆம் நாள் மூன்றோ அதற்கு மேலோ குட்டிகள் உயிருடன் இருந்தால், மூத்தவர் தமக்கு வேண்டிய ஒரு குட்டியை அன்று தேர்ந்துகொண்டு, எட்டு வாரம் முடிந்தபின் பெற்றுக்கொள்வார். இரண்டே இருந்தால் முதல் தேர்வு வளர்ப்பவருடையது. ஒன்றே இருந்தாலோ ஒன்றும் இல்லாவிட்டாலோ உரிமை அடுத்த ஈத்துக்குச் செல்லும். அதிலும் அவ்வாறே நேர்ந்தால் உரிமை அத்துடன் முடியும்." வறட்சியாகத் தோன்றலாம், ஆனால் "நல்ல குட்டி ஒன்று தர வேண்டும்" என்று எழுதினால் நல்லது எது என்பதை யார் சொல்வது? பொருள் நிச்சயமில்லாத உடன்பாடு செல்லாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவே சொல்கிறது.

செலவையும் அதே தெளிவோடு எழுத வேண்டும். தீனி, தடுப்பூசி புதியவருடையது என்பதில் தகராறு வராது. சிசேரியன் செலவில்தான் வரும். குட்டியில் பங்கு கேட்பவர் அறுவைச் செலவிலும் அதே விகிதத்தில் பங்கேற்பது நியாயம். கடுவன் மூத்தவருடையதாக இருந்தால், இணைசேர்ப்புக்கு முன் இரண்டுக்கும் மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும். இணைசேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் ஊர் நாய்களில் சாதாரணமாகக் காணப்படுவது, அதற்கு வாரக்கணக்கில் ஊசி போட வேண்டியிருக்கும். எக்காலத்திலும் வேறு கடுவனோடு சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள். தொழிலைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிற, அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் அது சிக்கக்கூடும். அதுவும் தவிர, ஒரே வீட்டு ரத்தத்துக்குள்ளேயே சுற்றவைத்து லைனையும் கெடுக்கும். முதல் ஈத்துக்கு மட்டும் கடுவனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மூத்தவருக்கு என்றால் ஏற்கலாம்.

புதியவரால் நாயை வைத்திருக்க முடியாமற்போனால் முதலில் மூத்தவரிடம் சொல்ல வேண்டும், அவர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், அதன்பின் வேறு வீடு பார்க்கலாம் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். நாய் தெருவுக்குப் போகாமல் தடுப்பது இந்த வரிதான். மீறினால் ஐந்து லட்சம் என்று மிரட்டும் தொகை எழுதிப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. குட்டியின் அன்றைய விலையை ஒட்டிய தொகையை எழுதுங்கள்.

உரிய மதிப்புள்ள முத்திரைத்தாளில் இரண்டு பிரதி எடுத்து, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, நாய் உலகத்துக்கு வெளியே உள்ள இருவரைச் சாட்சியாக வையுங்கள். புதியவர் 18 வயது நிறையாத மாணவராக இருந்தால், இந்த ஆர்வத்தில் அப்படிப் பலர் இருக்கிறார்கள், அவருடைய கையெழுத்துக்கு மதிப்பில்லை. தகப்பனாரோ தாயாரோ தம் பெயரில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் இறந்தால் உரிமை வாரிசுக்குப் போகுமா, அன்றோடு முடியுமா என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மூத்தவர் தன் குட்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளில், இரண்டு பிரதிகளின் பின்பக்கத்திலும் "குட்டி பெற்றுக்கொண்டேன், இந்தப் பெட்டை மீது எனக்கு இனி உரிமை ஏதுமில்லை" என்று தேதியிட்டு எழுதிக் கையெழுத்திட வேண்டும்.