இளக்க இளக்க இறுகிய ஷொக்

நான் கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவிசாவளைக்கு அப்பால் இறப்பர் தோட்டப் பாதைகளில் பழைய 250 சி.சி. ஜப்பான் பைக் ஓட்டுகிறேன். இரண்டு வருடங்களாக அதன் முன் ஷொக், அதாவது உள்ளே ஸ்பிரிங்கும் ஒயிலும் வைத்து முன் சில்லின் அதிர்வைத் தாங்கும் இரட்டைக் குழாய், என் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. "இறுக்கமாக இருக்கிறது, இளக்கிவிடுங்கள்" என்று கராஜுக்குக் கராஜ் சொன்னேன். இளக்க இளக்க வலி கூடியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஸ்பிரிங் மெலிந்திருந்தால், பிரேக் பிடித்ததுமே ஷொக் பாதிக்கு மேல் அமிழ்ந்துவிடும். மிச்சமிருக்கும் குறுகிய இடத்தில் ஸ்பிரிங்கும் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து எதிர்க்கும். கல் அங்கேதான் குத்துகிறது. கைக்கு இறுக்கமாகப் படுவது பல வேளைகளில் அளவுக்கு மீறிய இளக்கம்தான்.

ஆகவே முதலில் அளந்துபாருங்கள். பைக்கைப் பெட்டி மேல் ஏற்றி முன் சில்லு தொங்கும்போது, சில்லின் அச்சிலிருந்து ஷொக்கை மேலே கவ்விப் பிடிக்கும் இடம்வரை ஒரு அளவு. பிறகு தலைக்கவசம், சப்பாத்து, தண்ணீர்ப் பை எல்லாம் அணிந்து மிதியில் எழுந்து நிற்க, இன்னொருவர் அதே அளவை எடுக்கட்டும். வித்தியாசம் ஷொக்கின் முழு ஓட்டத்தில் ஏறத்தாழ கால்வாசி இருக்கலாம். 250 மில்லிமீற்றர் ஓட்டத்துக்கு 60 சொச்சம். எனக்கு 95 வந்தது. சாமான்களோடு என் எடை 94 கிலோ. ஸ்பிரிங் யாரோ மெலிந்த மனிதருக்கு அமைந்தது. ஸ்பிரிங்கின் மேலே குழாய்த் துண்டு வைத்து அமுக்கினால் முன்பக்கம் உயரும், ஸ்பிரிங்கின் வலு கூடாது. நான் துண்டு வைத்து ஆறு மாதம் என்னையே ஏமாற்றினேன். கடைசியில் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தடித்த ஸ்பிரிங் தேடிப் பிடித்தேன். ஷொக்கின் மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தை விலக்குங்கள். அமுங்கிய ஸ்பிரிங் அதைத் தூக்கி எறியும்.

செலவில்லாத வேலை ஒன்று உண்டு. அச்சைப் பிடிக்கும் சிறு போல்ட்டுகளைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஷொக்கை நாலைந்து முறை அமுக்கி எடுத்து, பிறகு முறுக்குங்கள். ஷொக்கின் இரு கால்களும் கோணலாக நின்றால் எந்த ஒயிலும் உதவாது. ரயர் காற்றையும் பாருங்கள். டியூப் உள்ள ரயருக்குக் கல் பாதையில் 13, 14 பி.எஸ்.ஐ. எனக்குப் போதும்.

இனி, ஷொக் அமுங்கும் வேகத்தையும் மீண்டு எழும்பும் வேகத்தையும் கட்டுப்படுத்தும் திருகாணிகள். வலப்பக்கமாக மெல்லத் திருப்பி, நிற்கும்வரை கிளிக்குகளை எண்ணிக் குறித்துவையுங்கள். முட்டியபின் வலுக்காட்டக் கூடாது. பலரும் அமுங்கும் திருகாணியைத்தான் நோண்டுகிறார்கள். நான் மீளும் திருகாணியை முதலில் பார்ப்பேன். வரிசையாகக் கிடக்கும் கற்களில் முதல் மூன்றை மெத்தென்று வாங்கி, நாலாவதிலிருந்து உலக்கை போலக் குத்தினால், ஷொக் எழும்புமுன் அடுத்த கல் வந்துவிடுகிறது என்று அர்த்தம். மீளும் திருகாணியை இரண்டு கிளிக் இடப்பக்கம் திருப்புங்கள். மாறாக, கல்லைத் தாண்டியதும் ஹேண்டில் கையை உதறி மேலே வந்தால் வலப்பக்கம். திருகாணியே இல்லாத பழைய ஷொக்கில் இந்த வேலையை ஒயிலின் தடிப்பே செய்கிறது.

ஒரு நேரம் ஒரு மாற்றம், அதே அரை கிலோமீற்றர் பாதை, உடனே குறிப்பு. முதலாளியின் பழைய பேரேட்டில் எனக்கு இப்போது பதினோரு பக்கம் இருக்கிறது.

ஷொக்கின் பளபளப்பான குழாயில் கேபிள் டை ஒன்று கட்டிவிட்டால், எவ்வளவு அமிழ்ந்தது என்று அது காட்டும். மோசமான பள்ளத்தில் ஓரிரு முறை மட்டும் அடியை மெல்லத் தொட்டால் சரி. அடிக்கடி முட்டினால் ஒயில் மட்டத்தை 5 மில்லிமீற்றர் உயர்த்துங்கள். ஸ்பிரிங்கை எடுத்து, ஷொக்கை முழுக்க அமுக்கிவைத்துத்தான் அந்த அளவை எடுக்க வேண்டும்.

மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கொழும்பில் மூடிய ஷொக்கை 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே அடைபட்ட காற்று விறைக்கும். முன் சில்லைத் தூக்கிவைத்து மூடியிலுள்ள காற்றுத் திருகாணியைத் திறந்தால் "சுஸ்" என்று போய்விடும்.